வெயிலும் சைக்கிளும்



மேலப்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி எடுத்துரைக்கத் தேவையில்லை. சித்திரை பாதி கழிந்து கத்திரி தொடங்கிவிட்டால் முற்பகல் பத்து மணிக்கே எங்கள் தெருக்கள் வெறிச்சோடிவிடும். பீடி சுற்றும் பெண்கள் முறத்தை மடியில் ஏந்திக்கொண்டு, திண்ணையில் நிழல் நகர நகரத் தாமும் நகர்ந்து உட்காருவார்கள். தறிக்குழிக்குள் காலை இறக்கி நெய்பவருக்குக் கால்களிலாவது சற்றுக் குளிர்ச்சி உண்டு. அந்தக் குளிர்ச்சியும் இல்லாத ஒருவர் அந்நாளில் இருந்தார். நெய்த கைலிகளைப் பொதியாகக் கட்டிச் சைக்கிளின் பின்புறம் ஏற்றிக்கொண்டு, முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி என்று ஊர் ஊராகச் சென்று விற்றுவந்த வியாபாரியே அவர். அத்தகையோரில் பலர் பின்னாளில் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டனர். ஆயினும் தேநீர்க் கலத்தையும் பாத்திர மூட்டையையும் சைக்கிளில் ஏற்றிப் பிழைப்பு நடத்துவோர் இன்னமும் இருக்கவே செய்கின்றனர்.

சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் என்றதும் மாணவர்களாகிய உங்களுக்குப் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில் மஞ்சள் சட்டை அணிந்து வரும் வீரர் நினைவுக்கு வரலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வேறொருவர். அவருடைய பெயரைக்கூட நான் அறியேன்.

1974-ஆம் ஆண்டுக் கோடை. எனக்குப் பத்து வயது. ஊருக்குப் புறத்தே இருந்த பொட்டலில், ஏழு நாட்கள் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் ஓட்டப் போவதாக வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது பெரிய வேடிக்கை. நடுவில் ஒரு கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, குழல்விளக்குகளை எரியவிட்டு, அதனைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். உண்பதும் குளிப்பதும் முகம் மழிப்பதும் சைக்கிளின் மேலேதான். மாலையில் கூட்டம் நெருக்கும். விரித்த துண்டில் காசு விழும். நண்பகலிலோ அவரையும், வேப்பமரத்தடியில் விளையாடும் எங்களைப் போன்ற சிறுவரையும் தவிர அங்கே யாரும் இரார். அவருடைய உதவியாள் அரை மணிக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றுவான். விளையாட்டுக்காகச் செய்கிறான் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊரில் அன்று ஆட்டுச் சந்தை. காசு திரட்ட அந்த உதவியாள் சந்தைக்குப் போய்விட்டான். குடம் நிரம்பியபடியே இருந்தது. நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் சைக்கிள் தள்ளாடத் தொடங்கியது. "அண்ணே, தண்ணி வேணுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, சம்பந்தமில்லாமல், பஸ் எப்போது வரும் என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம். அடுத்த சுற்றில் அவர் விழுந்தார்.

கூட்டம் கூடியது. ஒருவர் சோடாவை வாயில் ஊற்ற முயன்றார். ஒருவர் காக்கை வலிப்பு என்று கூறி இரும்புச் சாவியைத் தேடினார். பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குள் தூக்கிச் செல்ல வேண்டும் என்றார் மற்றொருவர். அது அடுப்பைப் போலக் காந்திக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் ஓடிவந்தார். நாங்கள் மாமா என்று அழைக்கும் முதியவர். "ஏலே, தள்ளி நில்லுங்கலே! காத்து வரட்டும்" என்று அதட்டினார். விழுந்தவரை வேப்பமர நிழலில் கிடத்தி, சட்டையை அகற்றி, தம் தோளில் கிடந்த கைலியை, எங்கள் பேச்சில் சொன்னால் சாரத்தை, குடத்து நீரில் நனைத்து அவர் மேல் போர்த்தினார். எங்களுள் நால்வர் கையில் பனையோலை விசிறியைக் கொடுத்து வீசச் சொன்னார். துணி சூடேறச் சூடேற மீண்டும் நீர் தெளித்தார். ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வந்து சேர்வதற்குள் அந்த மனிதர் கண் விழித்துவிட்டார்.

பிற்காலத்தில் உடலியல் படித்தபோதுதான் அந்தப் பகலில் நடந்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று.

மனித உடல் வேலை செய்யும் விதத்தில் பெரிய வீண்செலவு ஒன்று உண்டு. நாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே, பலரிடம் அதனினும் குறைவாகவே, சைக்கிள் மிதியைச் சென்றடைகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. ஒரு பந்தய வீரர் மிதியில் 250 வாட் ஆற்றலைச் செலுத்துகிறார் என்று கொள்வோம். அதே வேளையில் அவருடைய உடலுக்குள் ஏறத்தாழ 900 வாட் வெப்பம் பிறக்கிறது. வீட்டில் துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவர் செல்கிறார் என்று சொன்னால் அது மிகையன்று. இந்த வெப்பம் சற்றும் வெளியேறாமல் தங்குமாயின், 70 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலை ஐந்து நிமிடத்திற்குள் ஒரு டிகிரி உயர்ந்துவிடும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் கால் மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடும்.

அவ்வாறு நேராதபடி காப்பவை இரண்டு. முதலாவது, காற்று. சைக்கிளில் விரைந்து செல்பவர் தாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். ஆனால் காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையாகிய 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், அது உடலின் வெப்பத்தை வாங்கிக்கொள்வதற்கு மாறாகத் தன் வெப்பத்தை உடலுக்குத் தரத் தொடங்குகிறது. ஆனி மாதத்தில் மேற்கு மலைக்கு அப்பால் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு இந்தப் பக்கம் இறங்கி வீசும் வறண்ட காற்றை நீங்கள் அறிவீர்கள். அம்பாசமுத்திரம் சாலையில் மேற்கு நோக்கி அதனை எதிர்த்து மிதிப்பவருக்கு உழைப்பும் இருமடங்காகத் தோன்றும், முகமும் எரியும்.

இரண்டாவது, வியர்வை. நமக்குக் கிடைத்த பெரிய வரம் இதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமாயின், அது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். நம் பந்தய வீரருக்கு மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஆவியானால் கணக்கு நேராகும். ஆனால் ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயனில்லை. தூத்துக்குடியில் வெப்பமானி நம்மூரைவிடக் குறைவாகவே காட்டும். இருந்தும் அங்கே போய்வந்தவர் அதிகம் தவித்ததாகக் கூறுவது கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராமையினால்தான். எங்கள் மாமா நனைத்துப் போர்த்திய பருத்திக் கைலியும், நாங்கள் வீசிய விசிறியும் செய்த வேலை இதுவே. உடல் செய்ய இயலாமற்போன ஆவியாக்கத்தைத் துணி செய்தது.

இதற்கு உடல் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது இரத்தம். கால் தசைகளும் அதே இரத்தத்தையே கேட்கின்றன. வியர்வையாகப் போகும் நீரும் இரத்தத்திலிருந்தே குறைகிறது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு இரு எசமானர்களுக்கு ஊழியம் செய்ய வேண்டிய இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாக அனுப்பி, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கிறது. அதனால்தான் ஒரே வேகத்தில் ஓட்டும்போதும் வெயிலில் நேரம் ஆக ஆக நெஞ்சு படபடக்கிறது.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. எட்டுப் பேரை ஒரே கடுமையில், களைத்து நிறுத்தும் வரையில், சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். அறையின் வெப்பநிலை 11 டிகிரியாக இருந்தபோது சராசரியாக 94 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். 21 டிகிரியில் 81 நிமிடம். 31 டிகிரியில் 52 நிமிடமே. 31 டிகிரி என்பது நமக்கு மார்கழிப் பகல்! ஆஸ்திரேலியாவில் தேர்ந்த பந்தய வீரர்களை அரை மணி நேரம் தம்மால் இயன்றவரை விரைந்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தபோது, 23 டிகிரியில் செலுத்திய ஆற்றலைவிட 32 டிகிரியில் நூற்றுக்கு ஆறரைப் பங்கு குறைந்தது.

இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது கோபன்ஹேகனில் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வு. பயிற்சி பெற்ற ஏழு பேரை முன்னதாகவே நீரில் அமிழ்த்தி, ஒரு நாள் 36 டிகிரிக்குக் குளிர்வித்தும், ஒரு நாள் இயல்பாக 37 டிகிரியிலும், ஒரு நாள் 38 டிகிரிக்குச் சூடேற்றியும், 40 டிகிரி அறையில் மிதிக்கச் செய்தார்கள். அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் முறையே 63, 46, 28 நிமிடங்கள். ஆனால் மூன்று நாட்களிலும் அவர்கள் "இனி முடியாது" என்று நிறுத்திய கணத்தில் உடலின் உள்வெப்பம் ஒன்றாகவே இருந்தது: 40 டிகிரியும் சற்று மேலும். உள்ளே யாரோ ஒருவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்து, கோட்டைத் தொட்டவுடன் மணி அடிப்பது போல இருக்கிறதல்லவா? களைப்பை நாம் பகையாகக் கருதுகிறோம். அது வாயிற்காவலன். கால்களில் வலு எஞ்சியிருக்கும்போதே, மூளைக்கும் ஈரலுக்கும் கேடு வராதபடி அது நம்மை நிறுத்துகிறது.

அப்படியாயின் வெயிலில் சைக்கிளோட்டிகள் ஏன் விழுகிறார்கள்? காவலன் பேச்சைக் கேட்க விடாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து குறுக்கிடும்போது விழுகிறார்கள். இதற்கு இரண்டு துயர நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறேன்.

1960 ஆகஸ்டு 26. ரோம் நகர ஒலிம்பிக். நால்வர் கொண்ட அணிகள் 100 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கும் பந்தயம். வெப்பம் 40 டிகிரியை ஒட்டியிருந்தது. மூன்றாவதாக வருபவரின் நேரமே அணியின் நேரம் என்பது விதி. டென்மார்க்கு அணியில் ஒருவர் வெயில் தாங்காமல் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். இனி எஞ்சிய மூவரில் ஒருவரும் நிற்கக் கூடாது. 23 வயதான நூட் எனெமார்க் யென்சன் தமக்குத் தலை சுற்றுவதாகக் கூறினார். தோழர் ஒருவர் அவருடைய சட்டையைப் பற்றித் தாங்கிக்கொள்ள, மற்றவர் தண்ணீர் தெளித்தார். சற்றுத் தெளிந்தார் என்று கையை விட்டனர். உடனே சரிந்து விழுந்தார், மண்டையோடு உடைந்தது. அன்றே இறந்துபோனார். அவரைக் கொண்டுபோய்க் கிடத்தியது காந்தும் கூடாரம் ஒன்றில் என்று படித்தபோது, எங்கள் பொட்டலின் தகரக் கொட்டகை என் கண்முன் வந்து நின்றது.

1967 சூலை 13. பிரான்சுப் பெரும்பந்தயம் வெந்தூ மலையில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மலையின் உச்சிப் பகுதியில் மரமில்லை. வெண்ணிறக் கற்கள் வெயிலை எதிரொளிக்கும். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் உதவியும் குறைந்துவிடும். 1965-இல் உலகச் சாம்பியனாக இருந்த இங்கிலாந்து வீரர் டாம் சிம்சன், உச்சிக்குச் சற்றுக் கீழே விழுந்தார், எழுப்பி ஏற்றிவிட்டார்கள், மீண்டும் விழுந்தார், எழவில்லை. அவருக்கு வயது 29. அவர் உடலில் ஆம்பெட்டமைன் என்னும் ஊக்க மருந்தும் மதுவும் காணப்பட்டன. அந்த மருந்து வலுவைப் படைப்பதில்லை. காவலன் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். பந்தயத்தில் தண்ணீர் பெறுவதற்கே அந்நாளில் கட்டுப்பாடு இருந்தது. வீரர்கள் வழியிலுள்ள கடைகளுக்குள் பாய்ந்து, கையில் கிடைத்த புட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தாகத்தைத் தாங்குவதே ஆண்மை என்ற மூட எண்ணமும் அவர்களிடம் பரவியிருந்தது.

யென்சனுக்கு அணியின் தேவை. சிம்சனுக்கு மருந்தும் புகழாசையும். எங்கள் பொட்டலில் ஓட்டியவருக்கு ஏழு நாள் என்ற வாக்கும், துண்டில் விழும் காசும். கைலி வியாபாரிக்கு அன்று மாலை கொடுக்க வேண்டிய தவணை. மேலை நாட்டுப் பந்தயக்காரருக்கு இன்று பின்னால் ஒரு வண்டி வருகிறது. அதில் மருத்துவரும் பனிக்கட்டியும் உண்டு. மெல்லிய காலுறையில் பனிக்கட்டியை இட்டுப் பிடரியில் செருகிக்கொண்டு ஓட்டுகிறார்கள். 2018 சனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுப் பந்தயத்தில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும் என்று கண்டு ஒரு நாள் ஓட்டத்தைச் சுருக்கினார்கள். உலகச் சைக்கிள் சங்கம் வெப்பத்திற்கென்றே ஒரு நெறிமுறை வகுத்து 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்நெறிமுறையின் அளவுகோலை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நிழலின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் நூற்றுக்கு 70 பங்கு, வெயிலில் தொங்கும் கருங்கோளத்தின் உள்ளே உள்ள வெப்பமானியில் 20 பங்கு, சாதாரண வெப்பமானியில் 10 பங்கு எடுத்துக் கூட்ட வேண்டும். வியர்வை உலருமா என்பதை ஈரத் துணி சொல்லும். வெயிலின் கதிர் எவ்வளவு தாக்குகிறது என்பதைக் கோளம் சொல்லும். இக்கூட்டுத்தொகை 28-ஐத் தாண்டினால் பந்தயத்திற்குச் சிவப்புக் குறி. நம்மூரில் ஒரு வைகாசிப் பகலை எடுத்துக்கொள்வோம். நிழலில் 38, ஈரத் துணியில் 26, கருங்கோளத்தில் 50 என்று வைத்துக் கணக்கிட்டால் 32 வருகிறது. ஊரிலேயே நல்ல உணவும் ஓய்வும் பெற்ற வீரர்களுக்குச் சிவப்புக் கொடி காட்டும் வெப்பத்தில், நம் தெருவில் பாத்திரக்காரர் முழுக் கோடையும் மிதிக்கிறார். அவருக்குக் கொடி காட்ட யாருமில்லை.

அவர் எவ்வாறு தாங்குகிறார் என்று கேட்பீர்கள். பழக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது உடலில் நிகழும் மெய்யான மாற்றம். வெப்பத்தில் நாள்தோறும் உழைத்தால் பத்துப் பதினான்கு நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது; வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, நிறையச் சுரக்கிறது, அதில் உப்புக் குறைகிறது; இதயத் துடிப்புத் தணிகிறது. கத்தார் நாட்டு வெயிலில் சைக்கிள் வீரர்களை ஓட்டச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த பருவத்தில் 66 நிமிடத்தில் கடந்த தூரத்திற்கு முதல் நாள் 77 நிமிடம் பிடித்தது. இரண்டு வாரம் அங்கேயே பழகியபின் மீண்டும் 66 நிமிடமாயிற்று. ஆனால் இந்தச் சேமிப்புச் சில வாரங்களில் கரைந்துவிடும். காய்ச்சலில் படுத்து எழுந்த வியாபாரி முன்போலவே முழுப் பொதியுடன் முதல் நாள் புறப்படுவது ஆபத்து. தேர்வுக்காக அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு, விடுமுறை தொடங்கிய மறுநாளே நண்பகலில் பந்தயம் விடும் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. அரசு தந்த சைக்கிள் உங்களுள் பலரிடம் இருக்கிறது, ஆகையால் சொல்லுகிறேன்.

குடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். வெறும் தண்ணீரை அளவு கடந்து பருகுவதும் தீதே. இரத்தத்தில் உப்புச் செறிவு குறைந்து மயக்கம் வரும். உப்பிட்ட நீர்மோரும், நீராகாரமும், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நம் வீடுகளில் உள்ளவை. விலையுயர்ந்த புட்டிப் பானங்களுக்கு இவை எவ்வகையிலும் இளைத்தவையல்ல. நோன்பு மாதம் கோடையில் வந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் வியாபாரிகள் விடியற்காலையே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். எந்த நூலையும் படித்து அவர்கள் அதனைச் செய்யவில்லை.

வெயிலில் மிதிப்பவர் ஒருவர் தள்ளாடினாலோ, கேட்டதற்கு மாறாக விடை சொன்னாலோ, காரணமின்றிச் சினந்தாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலுங்கூட அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தொட்டி நீர் இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்குமாறு பிடித்துக்கொண்டு அமிழ்த்துங்கள். இல்லையேல் நனைத்த துணியும் விசிறியும். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள். ஆனால் வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். மூளை நாற்பது டிகிரிக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பதே பிழைப்பதையும் பிழையாததையும் முடிவு செய்கிறது.

எங்கள் பொட்டலில் விழுந்தவர் மூன்றாம் நாள் மாலை மீண்டும் சைக்கிள் ஏறினார். இன்றைய மருத்துவர் எவரும் அதற்கு இசையமாட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, விதியைத் தாங்களாகவே மாற்றியிருந்தார்கள். முற்பகல் பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரையில் அவர் இறங்கி நிழலில் படுத்துக்கொள்ளலாம். அதனால் ஏழு நாள் என்ற கணக்கு முறிந்ததாக ஆகாது. சிறுவர்களாகிய எங்களுக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. ஒருவன் சண்டைக்கே போனான். துண்டில் விழுந்த காசு மட்டும் குறையவில்லை. இறுதி நாள் இரவு ஒலிபெருக்கியில் பரிசுகளை அறிவித்தார்கள்: ஒரு கடிகாரம், ஐம்பது ரூபாய், எங்கள் மாமா தம் தறியில் நெய்த ஒரு சாரம்.